மணிலா கிங்பின்: டைரக்டரே தன் பேரை எடுக்கச் சொன்ன பிலிப்பைன்ஸ் ஆக்‌ஷன் படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல இது என்ன படம்னு சொல்லுங்க

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிலிப்பைன்ஸ்ல ரிலீஸ் ஆன ரவுடி படம். முழுப்பேரு "மணிலா கிங்பின்: தி அசியோங் சலோங்கா ஸ்டோரி". கருப்பு வெள்ளைல எடுத்தது. விவா ஃபிலிம்ஸும் சினெமா கான்செப்ட் இன்டர்நேஷனலும் சேர்ந்து தயாரிச்சாங்க. ஹீரோ ஜார்ஜ் எஸ்ட்ரேகன், அரசியல்ல அவருக்கு இ.ஆர். எஹெர்சிட்டோன்னு பேரு. டைரக்டர் டிகோய் அகிலூஸ். படம் தியேட்டருக்கு போற நேரத்துல டிகோய், இப்ப வெளிய போற வெர்ஷன் நான் எடுத்த படம் இல்ல, படத்துலயும் போஸ்டர்லயும் விளம்பரத்துலயும் என் பேரை எடுத்துடுங்கன்னு கேட்டுட்டாரு. அதே படத்துக்குத்தான் அந்த வருஷ மெட்ரோ மணிலா ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல சிறந்த படம், சிறந்த டைரக்டர் ரெண்டு விருதும் போச்சு.

இந்த ரெண்டு விஷயமும் ஒரே வாரத்துல ஒரே படத்துக்கு எப்படி நடந்துச்சுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, நானும் அதைப் பத்தித்தான் எழுதப் போறேன். கொஞ்ச காலம் எடிட்டிங் ரூம்ல அசிஸ்டென்ட்டா உக்காந்திருந்தவன் நான், அதனால இந்த விஷயம் எனக்கு ரொம்ப நெருக்கம், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

அசியோங் சலோங்கா நிஜமா இருந்த ஆளா?

நிஜ ஆளுதான். நிகாசியோ சலோங்கா, செல்லமா அசியோங். மணிலாவுல தொண்டோன்னு ஒரு ஏரியா, துறைமுகத்தை ஒட்டி, கூலிக்காரங்களும் ஏழைங்களும் நெருக்கியடிச்சு வாழ்ற இடம். அங்க ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச உடனே வளர்ந்த கோஷ்டித் தலைவன் இவன். 1951 அக்டோபர் 7ம் தேதி சுட்டுக் கொன்னுட்டாங்க, அப்போ வயசு 27தான்.

காலத்தை புரிஞ்சுக்கிட்டாத்தான் ஆளை புரிஞ்சுக்க முடியும். 1945 பிப்ரவரில இருந்து ஒரு மாசம் மணிலாவுக்குள்ளயே ஜப்பான் படைக்கும் அமெரிக்கப் படைக்கும் சண்டை, கிட்டத்தட்ட ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தாங்கன்னு கணக்கு சொல்றாங்க. ஊரே இடிஞ்சு கிடந்துச்சு, ஆனா துப்பாக்கி மட்டும் எல்லா வீட்லயும் இருந்துச்சு. 1946 ஜூலை 4ல சுதந்திரம் வந்துச்சு, வேலை வரல. அந்த மாதிரி ஊர்ல தெருவை ஆள்ற பையன் ஒருத்தன் கையில காசும் துப்பாக்கியும் இருந்து, பக்கத்து வீட்டு கஷ்டத்துக்கு கொஞ்சம் குடுத்தும் பழகிட்டான்னா அவன் செத்த பிறகு கதையாத்தான் ஆவான். அசியோங்கை ராபின் ஹூட் மாதிரின்னு சொல்றவங்களும் உண்டு, வெறும் ரவுடின்னு சொல்றவங்களும் உண்டு. அவன் அண்ணன் போலீஸ்ல இருந்தாரு, சினிமாக்காரங்களுக்கு இதை விட என்ன வேணும்.

இந்தக் கதை முன்னாடியே படமா வந்திருக்கா?

பல தடவ. முக்கியமானது 1961ல வந்தது, அதுல அசியோங்கா நடிச்சது ஜோசப் எஸ்ட்ராடா. ஆமா, 1998ல பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி ஆகி 2001 ஜனவரில பதவி போன அதே எஸ்ட்ராடாதான். அவரும் தொண்டோவுல பிறந்தவரு. அசியோங் வேஷம்தான் அவரை பெரிய ஸ்டார் ஆக்குச்சு. அப்புறம் எழுபதுகள்ல ரூடி ஃபெர்னாண்டஸ் அதே ஆளா நடிச்சாரு. 1990ல நம்ம இந்தப் பட ஹீரோவே ஒரு தடவ நடிச்சிருக்காரு.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கணும். இ.ஆரோட அப்பாவும் அதே ஜார்ஜ் எஸ்ட்ரேகன்ங்கற பேர்ல நடிச்ச பழைய நடிகர், அவர் ஜோசப் எஸ்ட்ராடாவோட தம்பி. அப்போ 1961ல பெரியப்பா போட்ட வேஷத்தைத்தான் 2011ல தம்பி மகன் போடுறாரு. இந்தக் குடும்பத்துக்கு அசியோங் சும்மா ஒரு கேரக்டர் கிடையாது, குடும்பச் சொத்து மாதிரி. படம் எப்படி வரணும்ங்கறதுல ஹீரோ பக்கத்துக்கு அவ்ளோ பிடிப்பு ஏன் இருந்துச்சுன்னு யோசிக்கும்போது இதையும் மனசுல வெச்சுக்கங்க.

ஹீரோ கவர்னராமே?

ஆமா, 2010 தேர்தல்ல லகுனா மாகாணத்துக்கு கவர்னரா ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடி 2001லேருந்து பக்சாங்ஹான் ஊர் மேயர். படம் எடுக்கும்போதும் ரிலீஸ் ஆகும்போதும் பதவில இருந்த கவர்னர். பிலிப்பைன்ஸ்ல இது ஒண்ணும் புதுசு இல்ல, ஆக்‌ஷன் ஹீரோவா இருந்து செனட்டர் ஆன ரமோன் ரெவில்லா, லிட்டோ லபிட், ராபின் படில்லான்னு வரிசையா ஆளுங்க உண்டு. ஃபெர்னாண்டோ போ ஜூனியர், எஃப்.பி.ஜே.ன்னு சொல்வாங்க, 2004ல ஜனாதிபதி தேர்தல்லயே நின்னாரு.

இ.ஆர். பிறந்தது 1963. அப்போ 2011ல 48 வயசு, நடிக்கிறது 27 வயசுல செத்தவனா. இது பார்க்கும்போது உறுத்தும், மறைக்க வேண்டியதில்ல. ஆனா அவரு இந்தப் படத்தை உயிரா நெனச்சாருங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் அது தெரியுது.

டிகோய் அகிலூஸ் யாரு? மசாலா பட டைரக்டரா?

இல்லவே இல்ல, இங்கதான் விஷயமே இருக்கு. டிகோய் எழுபதுகள்ல டாக்குமென்டரில தொடங்கின ஆளு. 1975ல பனஹாவ் மலை பத்தி, அங்க இருக்கற சாமி நம்பிக்கை பத்தி டாக்குமென்டரி எடுத்தவரு. எண்பதுகள் நடுவுல "போட்மேன்"னு ஒரு படம், பக்சாங்ஹான்ல படகு ஓட்டுற பையன் மணிலாவுக்கு வந்து சீரழியற கதை, மார்கோஸ் ஆட்சி கடைசி காலத்துல வந்து பெரிய பேச்சாச்சு. 1995ல "பகோங் பயானி", சிங்கப்பூர்ல அந்த வருஷம் தூக்குல போட்ட வீட்டுவேலைக்காரம்மா ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் பத்தின படம். 1996ல "செகுரிஸ்டா". 1997ல அந்த நாட்டு தேசிய வீரர் ரிசால் நாடு கடத்தப்பட்டு தபிதான்ல இருந்த நாட்கள் பத்தி ஒரு படம். 2001ல நிக் ஹோவாகின் எழுத்துலேருந்து "தத்தாரின்". 1999ல சினிமணிலான்னு சர்வதேச திரைப்பட விழாவை ஆரம்பிச்சதும் இவருதான்.

அப்போ பாருங்க, ஒரு பக்கம் நிஜத்தை பொறுமையா பார்த்து பார்த்து எடுக்கற கை. இன்னொரு பக்கம் ஸ்டார், கவர்னர், குடும்பப் பெருமை, பெரிய கம்பெனி. ரெண்டு பேரும் ஒரே படத்துல சேர்ந்தாங்க. சேர்ந்ததே நல்ல விஷயம்னுதான் நான் இன்னும் சொல்வேன், ஏன்னா இந்த மாதிரி ஆள் கைக்கு இந்த மாதிரி பட்ஜெட் சாதாரணமா வராது.

ஏன் கருப்பு வெள்ளை?

கதை நடக்கறது நாற்பதுகள் கடைசி, ஐம்பது ஆரம்பம். அந்தக் காலத்து மணிலாவை நாம பார்த்ததெல்லாம் கருப்பு வெள்ளை ஃபோட்டோவுலயும் நியூஸ்ரீல்லயும்தான். கேமராமேன் கார்லோ மெண்டோஸா பண்ணின வேலையை வார்த்தைல சொல்றது கஷ்டம், மழைத்தண்ணி தேங்கின சந்து, கூரைத் தகரம், ஈரமான முகம், சிகரெட் புகை, எல்லாமே வெளிச்சத்தால செதுக்கினது மாதிரி இருக்கும். 2011ல ஸ்டார் படத்தை, அதுவும் கிறிஸ்துமஸ் ரிலீஸை, கருப்பு வெள்ளைல குடுக்க பெரிய தைரியம் வேணும். ட்ரெய்லர் வந்தப்பவே ஜனங்க வாயப் பொளந்தாங்க, பிலிப்பைன்ஸ் ஆக்‌ஷன் படம் செத்துப் போச்சுன்னு நெனச்சவங்கெல்லாம் நிமிர்ந்து உக்காந்தாங்க.

செத்துப் போச்சா? ஏன் அப்படிச் சொல்றீங்க?

சுருக்கமா சொல்றேன். எழுபதுலேருந்து தொண்ணூறு நடு வரைக்கும் அந்த ஊர் சினிமாவுல ஆக்‌ஷன்தான் சோறு போட்டுச்சு. அவங்க பாஷைல சண்டைக்கு பக்பகான், ஹீரோவுக்கு பீடா, வில்லனுக்கு கொன்ட்ரபீடா, வில்லன் பின்னாடி நிக்கற அடியாளுங்களுக்கு கூன்ஸ். நிஜ ரவுடிங்க, நிஜ போலீஸ்காரங்க வாழ்க்கையை படமா எடுக்கறது ஒரு தனி ரகமாவே இருந்துச்சு, ரமோன் ரெவில்லா அதுல பேர் போனவரு. அப்புறம் ஹாலிவுட் படத்தோட போட்டி, செலவு, திருட்டு விசிடி எல்லாம் சேர்ந்து அமுக்கிடுச்சு. எஃப்.பி.ஜே. 2004 டிசம்பர்ல போயிட்டாரு, ரூடி ஃபெர்னாண்டஸ் 2008ல போயிட்டாரு. 2011ல அந்த ரகப் படம் தியேட்டர்ல பார்க்கறதே அபூர்வம். அதனால இந்தப் படத்து மேல ஒரு தலைமுறையோட ஆசை உக்காந்திருந்துச்சு, ஃபிலிப் சால்வடார், ஜான் ரெகாலா, ரானி லஸாரோன்னு பழைய ஆளுங்களை திரையில ஒண்ணா பார்க்கறதே அவங்களுக்கு திருவிழா.

சரி, எங்க உடைஞ்சுது?

ஷூட்டிங் முடிஞ்சு எடிட்டிங் டேபிள்ல. டிகோயோட புகார் மூணு விஷயம்: அவரு சம்மதம் இல்லாம படத்தை மறுபடி எடிட் பண்ணாங்க, அவரு இல்லாம சீன் எடுத்து சேர்த்தாங்க, இசையையும் மாத்தினாங்க. அதனால இது என் படம் இல்லன்னு பேரை எடுக்கச் சொன்னாரு.

வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு, ஒரு மனுஷன் கோவத்துல பண்ணினதா தோணும். அப்படி இல்ல. டைரக்டருக்கு சம்பளம் வந்துடும், அடுத்த படம் வரும், ஆனா அவருக்குன்னு மிஞ்சறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையே எடுத்துடுங்கன்னு கேக்குறாருன்னா அதுக்கு முன்னாடி எத்தனை ராத்திரி தூங்கியிருக்க மாட்டாருன்னு நெனச்சுப் பாருங்க. அதுவும் தன் கேரியர்லயே பெரிய கவனம் கிடைக்கப் போற படத்துல.

சும்மா ரீ-எடிட் பண்ணதுக்கு இவ்ளோ பெரிய விஷயமா? அதே ஷாட்தானே இருக்கு?

இந்தக் கேள்வியை என்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டாங்க, அதனால பொறுமையா சொல்றேன்.

அதே ஷாட்டுகளை வெச்சு ரெண்டு வேற வேற படம் பண்ணலாம், இது பேச்சுக்குச் சொல்றது இல்ல, டேபிள்ல உக்காந்து பார்த்தது. ஒரு சீன்ல ஹீரோ ஒருத்தனைச் சுடுறான்னு வெச்சுக்கோங்க. சுட்ட பிறகு ஷாட்டை ரெண்டு செகண்ட் கூட ஓட விட்டா அவன் முகத்துல ஒரு பயம், ஒரு வெறுமை தெரியும், பார்க்கறவனுக்கு அய்யோ என்ன பண்ணிட்டான்னு இருக்கும். அந்த ரெண்டு செகண்டை வெட்டிட்டு நேரா அடுத்த ஆளு விழறதுக்கு கட் பண்ணா, அதே கொலை வீரம் ஆயிடும், தியேட்டர்ல விசில் வரும். ஒரு ஷாட்டும் புதுசா சேர்க்கல, ஒரு வசனமும் மாத்தல, ஆனா படம் சொல்ற விஷயமே தலைகீழ். ரவுடியோட வாழ்க்கையைப் பத்தின படத்துல இது சின்ன விஷயமா? அந்தப் படத்தோட மனசாட்சியே அந்த ரெண்டு செகண்ட்லதான் இருக்கு.

அடுத்தது ஆர்.ஆர்., பின்னணி இசை. அமைதியா விட்ட இடத்துல தபேலாவும் கோரஸும் போட்டா கேட்கறவன் வேற முடிவுக்கு வந்துடுவான். டாக்குமென்டரில இருந்து வந்த டைரக்டர்கள் பெரும்பாலும் தெருச்சத்தத்தை நம்புவாங்க, பக்கத்து வீட்டு ரேடியோ, நாய் குரைக்கறது, மழை. அதை மூடிட்டு மேல மியூசிக் போட்டா அவங்க கட்டின வீட்டு ஜன்னலையெல்லாம் செங்கல் வெச்சு அடைச்ச மாதிரி.

மூணாவது பேட்ச் வொர்க், அதாவது பின்னாடி எடுத்து சேர்க்கற சீன். டைரக்டர் ஒவ்வொரு நடிகர்கிட்டயும் இந்தக் கேரக்டர் எங்க இருந்து எங்க போகுதுன்னு ஒரு கணக்கு பேசி வெச்சிருப்பாரு. வேற ஆள் வந்து நடுவுல ஒரு சீன் எடுத்து சொருகினா, லைட்டிங் ஒத்துப் போகும், டிரஸ் ஒத்துப் போகும், ஆனா அந்தக் கணக்கு ஒத்துப் போகாது. பார்க்கறவனுக்கு ஏதோ இடிக்குதுன்னு தெரியும், எதுன்னு சொல்லத் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு படத்துல இப்படி நாலு நிமிஷம் சொருகினாங்க, அந்த நாலு நிமிஷத்துக்காக முன்னாடி இருபது நிமிஷத்தையும் தொட வேண்டியதாச்சு, எங்க எடிட்டர் கடைசி வரைக்கும் அந்தப் படத்தை மறுபடி பார்க்கல.

மணிலா கிங்பின்ல எந்த ஷாட் யாரோடதுன்னு நான் பிரிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா படத்துக்குள்ள ரெண்டு மூச்சு இருக்கு. ஒண்ணு சந்துக்குள்ள நின்னு மெதுவா பார்க்கற மூச்சு, இன்னொண்ணு ஹீரோவைத் தூக்கிப் பிடிச்சு ஓடற மூச்சு. ரெண்டும் மாத்தி மாத்தி வருது.

சட்டப்படி டைரக்டருக்கு பேரை எடுக்கச் சொல்ல உரிமை இருக்கா?

பிலிப்பைன்ஸ்ல இருக்கு, அதுவும் தெளிவா. அங்க அறிவுசார் சொத்துரிமைச் சட்டம், குடியரசுச் சட்டம் எண் 8293, 1998 ஜனவரி 1லேருந்து அமல்ல இருக்கு. அதுல 193வது பிரிவு படைப்பாளியோட தார்மீக உரிமை பத்திப் பேசுது. நாலு உரிமை: தன் படைப்புல தன் பேரைப் போடச் சொல்றது, வெளியிடறதுக்கு முன்னாடி மாத்தறது இல்ல நிறுத்தறது, தன் மானத்துக்கும் பேருக்கும் கெடுதல் வர்ற மாதிரி படைப்பைச் சிதைச்சா எதிர்க்கறது, நாலாவது, தான் படைக்காத ஒண்ணுலயோ இல்ல சிதைச்ச வடிவத்துலயோ தன் பேரைப் பயன்படுத்தாம தடுக்கறது. பேரைப் போடுன்னு கேக்கற உரிமையும் பேரை எடுன்னு கேக்கற உரிமையும் ஒரே பிரிவுக்குள்ள பக்கத்து பக்கத்துல இருக்கு.

ஆனா அதே சட்டத்துல 178வது பிரிவு, சினிமா படத்தோட காப்புரிமை தயாரிப்பாளர், கதை எழுதினவர், இசையமைப்பாளர், டைரக்டர், மூலக்கதை ஆசிரியர் எல்லாருக்கும்னு சொல்லிட்டு, படத்தை எந்த வகையிலயும் திரையிடறதுக்குத் தேவையான அளவு அதை தயாரிப்பாளரே பயன்படுத்தலாம்னு வெக்குது. 197வது பிரிவு, வேற ஒப்பந்தம் இல்லன்னா, தொழில் வழக்கப்படி நியாயமான எடிட்டிங்கை உரிமை மீறல்னு எடுத்துக்க முடியாதுன்னும் சொல்லுது. அப்போ எது நியாயமான எடிட்டிங், எது சிதைக்கறது? அந்தக் கோட்டை எங்க போடறதுங்கறதுலதான் எல்லாச் சண்டையும். ஃபைனல் கட், அதாவது படத்தோட கடைசி வடிவத்தை முடிவு பண்ற உரிமை, யாரோடதுன்னு ஆரம்பத்துலயே அக்ரிமென்ட்ல எழுதி வெச்சுட்டா இதுல பாதி வராது, ஆனா எந்த ஊர்லயும் படம் தொடங்கும்போது எல்லாரும் அண்ணன் தம்பி, பூஜை நாள்ல போய் யாரு இதையெல்லாம் கேப்பா.

ஹாலிவுட்ல இப்படி நடந்தா என்ன பண்ணுவாங்க?

அங்க டைரக்டர்கள் சங்கம் இதுக்குன்னே ஒரு பொய்ப்பேரு வெச்சிருந்துச்சு, ஆலன் ஸ்மிதீ. 1969ல ஆரம்பிச்சு முப்பது வருஷம் போல ஓடுச்சு, படம் என் கைய விட்டுப் போச்சுன்னு சங்கத்துக்கிட்ட நிரூபிச்சா அந்தப் பேரைப் போடுவாங்க. டிகோய் அந்த மாதிரி பொய்ப்பேருக்குப் பின்னாடி போகல, ஊரறிய பேசினாரு.

பிரச்சனை வந்த உடனே ரிலீஸைத் தள்ளி வெச்சிருக்கலாமே?

தள்ள முடியாத தேதி அது. மெட்ரோ மணிலா ஃபிலிம் ஃபெஸ்டிவல் 1975லேருந்து நடக்குது. டிசம்பர் 25ல ஆரம்பிச்சு ஜனவரி முதல் வாரம் வரைக்கும் மணிலா தியேட்டர்கள்ல வெளிநாட்டுப் படமே கிடையாது, ஃபெஸ்டிவலுக்கு எடுத்த உள்ளூர்ப் படம் மட்டும்தான். குழந்தைங்க கையில ஞானத்தாய் தகப்பன் குடுத்த கிறிஸ்துமஸ் காசு, பெரியவங்க கையில போனஸ், குடும்பமா தியேட்டருக்குப் போறது அங்க பண்டிகை வழக்கம். ரிலீஸுக்கு முன்னாடி நடிகருங்க அலங்கார வண்டில ஊர்வலம் போவாங்க, தெரு ரெண்டு பக்கமும் ஜனம் நிக்கும். அந்த ரெண்டு வாரத்தைத் தவற விட்டா அடுத்த வாரம் ஹாலிவுட் படத்தோட மோதணும். போட்ட காசு திரும்பணும்னு நெனக்கற தயாரிப்பாளர் யாரும் அந்தத் தேதியை விட மாட்டாங்க.

இந்தத் தேதி இன்னொரு வேலையும் பண்ணும். கூட்டம் வர்றது குழந்தைக்குட்டியோட, அவங்க விரும்பறது காமெடி, பேய்ப்படம், மாயாஜாலம். அந்த வருஷம் எதிர்ல நின்னதெல்லாம் பாருங்க: விக் சோட்டோவும் ஐ-ஐ தே லாஸ் அலாஸும் சேர்ந்த "என்டெங் நங் இனா மோ", போங் ரெவில்லாவோட "பன்டாய்" ரெண்டாம் பாகம், "ஷேக் ராட்டில் அண்ட் ரோல்" பதிமூணாம் பாகம், கிரிஸ் அகினோவோட "செகுண்டா மானோ". வசூல்ல என்டெங்தான் மேல. இவங்க நடுவுல கருப்பு வெள்ளைல மெதுவா நகர்ற ஒரு ரவுடி வாழ்க்கையைக் கொண்டு போய் நிறுத்தப் போறோம்னா தயாரிப்பாளர் பக்கம் பயம் வரத்தான் செய்யும். வேகம் கூட்டு, சண்டையைச் சேருன்னு தோணறது அந்தப் பயத்துலதான்னு நான் நெனக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அதை டைரக்டரைக் கூட வெச்சுக்கிட்டு தீர்க்கணும், அவரைத் தாண்டிப் போய் இல்ல.

என்னென்ன விருது வாங்குச்சு?

சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த துணை நடிகர் ஜான் ரெகாலா, அப்புறம் ஒளிப்பதிவு உட்பட டெக்னிக்கல் விருது பலதும். ஹீரோ இ.ஆருக்கு நடிகர் விருது கிடைக்கல, அது செகுண்டா மானோவுக்காக டிங்டாங் டான்டெஸுக்குப் போச்சு. ஜான் ரெகாலா இதுல டொட்டோய் கோலெம்ங்கற எதிரி கோஷ்டித் தலைவன். தொண்ணூறுகள்ல கொன்ட்ரபீடான்னா இவருதான்னு இருந்த ஆளு, இடைல வாழ்க்கை ரொம்ப அடிச்சுடுச்சு, இந்தப் படத்துல அவரு சும்மா உக்காந்திருக்கற ஷாட்லயே பயம் வரும். 2023ல இறந்துட்டாரு. அந்த விருது அவருக்குக் கிடைச்சதுல எனக்கு இன்னும் சந்தோஷம்.

பேரை எடுக்கச் சொன்னவருக்கே எப்படி டைரக்டர் விருது குடுக்கலாம்? அவரு படமே இல்லன்னுட்டாரே?

நிறைய பேரு இதை தப்புன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. செட்டுல நின்னு கேமராவை எங்க வெக்கணும், நடிகன் எங்க நிக்கணும், தெருவுல மழை எப்படி விழணும்னு முடிவு பண்ணினது ஒரு மனுஷன். டேபிள்ல யாரு எதை வெட்டினாலும் அந்த வேலை ஃப்ரேமுக்குள்ள இருக்கும், அதை ஜூரி பார்த்திருக்காங்க. போஸ்டர்ல பேரு இருக்கா இல்லையாங்கறது வேற, திரையில கை தெரியுதா இல்லையாங்கறது வேற.

ஆனா இதுலயே அவரோட வலியும் இருக்குன்னு மறந்துடக்கூடாது. அவரு சொன்னது, நான் பண்ணின படம் வேற, நீங்க பார்த்தது வேற. ஜூரி தலைல தூக்கி வெச்சது அந்த வேற ஒண்ணை. அவரு மனசுல வெச்சிருந்த படத்துக்கு யாரும் விருது குடுக்கல, ஏன்னா அதை அந்த கிறிஸ்துமஸுக்கு தியேட்டர்ல யாரும் பார்க்கவே இல்ல. இதை நெனச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்குது.

அப்போ தப்பு யாரு மேல? தயாரிப்பாளர்தான் வில்லனா?

வில்லன்னு சொல்ல மாட்டேன். செத்துக்கிடந்த ஒரு ரகப் படத்துக்கு, அதுவும் கருப்பு வெள்ளைல, அவ்ளோ காசு போட அந்த ஊர்ல அப்போ வேற யாரு முன்வந்தாங்க? டிகோய் மாதிரி ஆளைக் கூப்பிட்டதும் அவங்கதான், ஈஸியா ஒரு மசாலா டைரக்டரைப் போட்டுட்டுப் போயிருக்கலாம். அந்த ரசனைக்கு நான் மரியாதை குடுக்கிறேன்.

ஆனா ஒரு டைரக்டரோட கண்ணு வேணும்னு கூப்பிட்டுட்டு கடைசில அந்தக் கண்ணையே நம்பாம போனது தப்புதான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல. அவரு பேரு ட்ரெய்லருக்கும் பேச்சுக்கும் வேணும், அவரு முடிவு மட்டும் வேணாம்னா எப்படி? ஸ்டாரே படத்தோட முதுகெலும்பா இருக்கற இடத்துல, செட்டுல அவருக்கு எதிரா பேச யாருக்கும் வாய் வராது, கவர்னர்னா சொல்லவே வேணாம். அப்படிப்பட்ட இடத்துல டைரக்டருக்கு எழுத்துல பாதுகாப்பு இருக்கணும்.

சரி, இன்னிக்கு உக்காந்து பார்க்கலாமா?

கண்டிப்பா பாருங்க, முடிஞ்சா பெரிய திரைல, இருட்டுல. தொண்டோ சந்து சீன்களை விடாதீங்க. கார்லா அபெலானா அசியோங் மனைவியா நடிச்சிருக்காங்க, ஸ்டார் படத்துல மனைவி கேரக்டர்னா அழறதுக்கு மட்டும் வெப்பாங்க, அவங்க அந்தக் கொஞ்ச இடத்துலயும் ஒரு ஆளா நிக்கறாங்க. சண்டைகள்ல சிலது ரொம்ப நீளம், நடுவுல பத்து நிமிஷம் இழுக்கும், அங்க எந்திரிச்சுப் போயிடாதீங்க. படத்துக்காக ராப் பாடகர் க்ளாக்-9 பாடின "ஹாரி நங் தொண்டோ", தொண்டோவின் ராஜான்னு அர்த்தம், தனியாவும் கேட்க நல்லா இருக்கும்.

இதுக்கப்புறம் அங்க ஆக்‌ஷன் படம் திரும்பி வந்துச்சா?

கொஞ்சம் வந்துச்சு. இ.ஆர். அடுத்த வருஷமே மார்க் மெய்லி டைரக்‌ஷன்ல பிலிப்பைன்ஸோட முதல் ஜனாதிபதி எமிலியோ அகினால்டோ பத்தி "எல் பிரெசிடென்டே", 2013ல சீட்டோ ரோன்யோ டைரக்‌ஷன்ல "பாய் கோல்டன்"னு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்தாரு. அதே 2013ல எரிக் மட்டியோட "ஆன் தி ஜாப்" கான் விழாவுல டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட் பிரிவுக்குப் போச்சு, ஜெயில்ல இருக்கற கைதிகளை வெளிய விட்டு கொலை பண்ண வெக்கற கதை. அதோட தொடர்ச்சில நடிச்ச ஜான் அர்சில்லா 2021ல வெனிஸ்ல சிறந்த நடிகர் விருது வாங்கினாரு. இதெல்லாம் மணிலா கிங்பினாலதான்னு சொல்றது அதிகம், ஆனா இந்த மாதிரி படத்தை இவ்ளோ அழகா எடுக்க முடியும்னு 2011ல கண்ணால பார்த்ததுக்கு ஒரு பங்கு உண்டு.

டிகோய் இப்ப என்ன பண்றாரு?

2024 பிப்ரவரில இறந்துட்டாரு, 72 வயசு.

அவரை எங்க இருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டா நான் மணிலா கிங்பினைச் சொல்ல மாட்டேன், "போட்மேன்"னு சொல்வேன். அதுல பக்சாங்ஹான் ஆத்துல படகு தள்ளற பையனா வர்றது ரானி லஸாரோ. கால் நூற்றாண்டு கழிச்சு அதே ஊருக்கு மேயரா இருந்தவரு ஹீரோவா நடிச்ச படத்துல, அதே ரானி லஸாரோவை வயசான முகத்தோட டிகோய் மறுபடி ஃப்ரேமுக்குள்ள நிறுத்தியிருக்காரு. ரெண்டு படத்தையும் அடுத்தடுத்த ராத்திரி பாருங்க, முதல்ல கலர்ல ஆறு, அப்புறம் கருப்பு வெள்ளைல தொண்டோ சந்து, ரெண்டுலயும் அந்த ஒரு முகம்.